அறுபத்திரண்டு கிலோ

ஜூன் 3, செவ்வாய்

சாப்பிடுவதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதச் சொல்லிவிட்டார் டாக்டர். சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நிற்கிறதாம். "மாத்திரை உங்க கடையிலயே இருக்கு, எங்கயும் ஓடிடாது. மூணு மாசம் உடம்பை அசைங்க, அப்புறம் பார்ப்போம்" என்றார். இருபத்திரண்டு வருடமாகத் திருச்சி கே.கே. நகரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களுக்கெல்லாம் "நடங்க, நடங்க" என்று சொல்லியே மாத்திரை கொடுத்தவள். அதையே எனக்கு ஒருவர் சொன்னபோது எரிச்சலாக வந்தது.

நடக்க எங்கே போவது? விடிகாலையில் எங்கள் தெரு நாய்களுடையது. ஏழு மணிக்கு மேல் பள்ளிக்கூட வேன்களுடையது. ஒன்பதுக்குக் கடை திறக்க வேண்டும்.

மாடி அறையில் என் வீட்டுக்காரருடைய சைக்கிள் நிற்கிறது. ஊரடங்கு சமயத்தில் ஆசைப்பட்டு வாங்கியது. பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஒரு எந்திரத்தில் மாட்டி, நின்ற இடத்திலேயே மிதிக்க வேண்டும். மிதிப்பதற்கு ஏற்றபடி கம்ப்யூட்டர் திரையில் ஒரு பொம்மை சைக்கிள் ஓட்டிக்கொண்டு போகும். இவர் நான்கு நாள் மிதித்தார். அதற்குப் பிறகு ஐந்து வருடமாக அது ஈரத்துண்டு காயப்போடும் கொடி.

காலை: இட்லி 3. மதியம்: சாதம் ஒரு கப், கீரை, மோர். இரவு: தோசை 2.

ஜூன் 4, புதன்

"அப்ப துண்டை எங்க போடறது?" என்பதுதான் என் கணவர் சிற்றரசு கேட்ட ஒரே கேள்வி. பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர் வேலை பார்க்கிறவர். கேட்டுக்கொண்டே சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, சீட்டை என் உயரத்துக்கு இறக்கி, அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் ஓடவைத்துவிட்டார்.

பொம்மையை ஓட்டுகிற அந்த ஆப் விவரம் கேட்டது. பெயர் பூங்கோதை. வயது 47, உள்ளதையே போட்டேன். உயரம் 158. எடை 62.

இவர் பக்கத்தில்தான் நின்றார். ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

உடனே திரையில் ஒருத்தி வந்து நின்றாள். கச்சிதமான இடுப்பு, ஊதா பனியன், தலையில் ஹெல்மெட். அவள்தான் நானாம். பார்த்ததும் ஒரு மாதிரி வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. நான் மிதிக்க ஆரம்பித்ததும் அவளும் மிதித்தாள். கடற்கரை ஓரமாக ஒரு சாலை, தென்னை மரம், எங்களைக் கடந்து போகும் யார் யாரோ. ஒவ்வொரு பொம்மைக்கும் மேலே ஒரு பெயரும் ஒரு நாட்டுக் கொடியும். உலகத்தில் எங்கெங்கோ தன் வீட்டு அறையில் வியர்த்துக்கொண்டிருக்கிற நிஜ மனிதர்கள். பதினொரு நிமிடத்தில் மூச்சு வாங்கி இறங்கிவிட்டேன். ஆனாலும் மறுபடி ஏறிக் கொஞ்சம் மிதித்தேன். அந்த வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. ஒரு பாலம் இருந்தது.

இரவு: தோசை 2.

ஜூன் 8, ஞாயிறு

இன்று பந்தயத்தில் ஓட்டினேன். தெரியாமல்தான். காலை ஆறரை மணிக்கு ஏதோ ஒரு பொத்தானை அமுக்கினேன், ஐம்பத்து மூன்று பேரோடு கோட்டில் நின்றுகொண்டிருந்தேன். ஐந்து, நான்கு, மூன்று என்று எண்ண ஆரம்பித்ததும் இவர் கீழேயிருந்து "காபி ஆறுது" என்று கத்தினார். ஆறட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதல் இரண்டு நிமிடத்தில் செத்தேன். எல்லோரும் தீப்பிடித்த மாதிரி பறக்கிறார்கள். பிறகுதான் ஒன்று பிடிபட்டது: முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் காற்றை அவர் வாங்கிக்கொள்வார், நமக்கு மிதிப்பது லேசாகும். பொய்க் காற்றுதான். ஆனாலும் அந்த எந்திரம் அதையும் கணக்குப் போட்டுப் பெடலை லேசாக்குகிறது. போலந்துக்காரர் ஒருவரின் முதுகை ஒன்பது கிலோமீட்டர் பிடித்துக்கொண்டு போனேன். அவர் யாரோ, நல்லாயிருக்கட்டும்.

ஐம்பத்து மூன்றாவதாக வந்தேன். ஐம்பத்து நான்காவது ஆள் பாதியில் போய்விட்டார். இறங்கியபோது சிரிப்பாக வந்தது. பள்ளிக்கூடத்தில்கூட எந்தப் போட்டியிலும் கலந்துகொண்டதில்லை நான். ஸ்கிப்பிங் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆள்.

ஜூன் 11, புதன்

மாதாந்திர மின்தடை. பந்தயத்தின் நடுவில் திரை அணைந்தது. இரண்டாவது குழுவில் இருந்தேன். அழுகை வந்துவிட்டது, உண்மையாகவே.

ஜூன் 12, வியாழன்

இவர் இன்வெர்ட்டரிலிருந்து மாடிக்கு ஒரு லைன் இழுத்துவிட்டார். மின்விசிறியோடு சேர்த்து.

ஜூன் 15, ஞாயிறு

இன்றைய பாதையில் ஒரு மலை. மலை வந்ததும் பெடல் கல்லாகிவிட்டது. சரி, இன்றைக்கும் கடைசிதான் என்று நினைத்தேன். ஆனால் என்னோடு வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் போக ஆரம்பித்தார்கள். ஒரு ஆஸ்திரேலியாக்காரி, இரண்டு ஜப்பான்காரர்கள், பிறகு ஒரு கூட்டமே. நான் பெரிதாக எதுவும் செய்யவில்லை, அதே மாதிரிதான் மிதித்தேன். ஆறாவதாக வந்தேன். பெண்களில் இரண்டாவது.

எனக்கு மலை வருகிறது. நாற்பத்தேழு வயதில் தெரிந்துகொண்டேன்.

கடை வாசலில் எடை மெஷின் இருக்கிறது. தினமும் காலையில் அதை நான்தான் துடைப்பேன். இன்றைக்கும் துடைத்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

ரெஜினா என்கிற பெண் செய்தி அனுப்பியிருந்தாள்: "அக்கா, உங்க பேரைப் பார்த்தா தமிழ். மலையில நல்லா ஏறுறீங்க. எங்க டீமுக்கு வர்றீங்களா?" சொந்த ஊர் குளித்தலை, ஷார்ஜாவில் நர்ஸ். போன் போட்டு ஒரு மணி நேரம் பேசினோம். ஈரோட்டில் ஹசீனா, பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. சிங்கப்பூரில் மரகதம், கும்பகோணத்துப் பெண், வயது ஐம்பத்தொன்று. மூன்று பேருக்கும் சொந்த ஊர் காவிரிக்கரை, அதனால் அணிக்கு 'காவிரி' என்று பெயர். திருச்சி என்றதும் ரெஜினா சிரித்தாள். "நடுவுல இருந்த ஓட்டை அடைஞ்சுது" என்றாள்.

ஜூலையில் பெண்கள் அணிகளுக்கு ஒரு லீக் வருகிறது. நான்கு ஞாயிறு, நான்கு பந்தயம். மலையுச்சியை முதலில் தொடுகிறவர்களுக்குப் புள்ளி. புள்ளிக் கணக்கில் முதல் எட்டு அணிகளுக்கு ஆகஸ்டில் இறுதிப் போட்டி. அதில் முதல் மூன்று இடத்துக்கு, அணியின் பெயர் அச்சடித்த நிஜ பனியன் வீட்டுக்கு வரும்.

"அந்தப் பனியனைப் போட்டுக்கிட்டு எங்க ஆஸ்பத்திரி கேன்டீன்ல ஒரு நாள் உக்காரணும்க்கா. அவ்வளவுதான் என் ஆசை" என்றாள் ரெஜினா.

எனக்கும் அந்த ஆசை வந்துவிட்டது. கடைக்குப் போட்டுக்கொண்டு போவேன்.

ஜூலை 1, செவ்வாய்

நால்வரும் ஒன்றாக மிதித்தோம். காதில் மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டே. ஹசீனா வாய் மூடாத பெண். மலையைப் பற்றி எனக்குப் பாடமே எடுத்துவிட்டாள்.

"மலையில ஒவ்வொரு கிலோவும் கணக்குங்க்கா. நாம மிதிக்கிற பலத்தை, அதான் வாட்ஸை, நம்ம எடையால வகுத்துத்தான் அந்த ஆப் வேகம் போடுது. போன மாசம் நான் ரெண்டு கிலோ குறைச்சேன், ஒரு மலைக்கு முப்பது செகண்ட் மிச்சம். அதான் சில திருட்டுக் கழுதைங்க எடையைக் குறைச்சுப் போட்டுட்டு ஓட்டுறாளுக. அவளுக மூஞ்சியப் பார்க்கோணும்ங்க்கா எனக்கு."

மரகதம் சிரித்தார். நானும் சிரித்தேன்.

சாயங்காலம் குழம்புக்கு வெங்காயம் நறுக்கினேன். ஒரு கிலோவையும் நறுக்கிவிட்டேன். எதற்கு இவ்வளவு என்று இவர் கேட்டார்.

இரவு: வெள்ளரிக்காய் 1, மோர்.

ஜூலை 2, புதன்

மத்தியானம் கடையைப் பூட்டும்போது ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எடை மெஷினில் ஏறினேன். ஏழு வருடமாக ஏறியதில்லை. எண்ணை இங்கே எழுதப் போவதில்லை. இன்னும் 12 இருக்கிறது, அதை மட்டும் எழுதுகிறேன். அது போய்விட்டால் நான் போட்டது பொய்யில்லை.

ஒரு மாதத்தில் பன்னிரண்டு கிலோ குறைக்கலாமா என்று வாடிக்கையாளர் யாராவது கேட்டிருந்தால் திட்டி அனுப்பியிருப்பேன்.

ஜூலை 6, ஞாயிறு

முதல் சுற்று. மலையுச்சியில் நான் மூன்றாவது. அணிக்கு எட்டுப் புள்ளி. ஹசீனா என் காது கிழியக் கத்தினாள். அந்தக் கடைசி இருநூறு மீட்டரில் எனக்குக் கண் இருண்டது, ஆனால் கால் நிற்கவில்லை. இப்படி ஒரு கால் என்னிடம் இருந்ததா?

இன்னும் 11.3.

ஜூலை 13, ஞாயிறு

முதலாவது. உச்சியில் முதலாவது.

இவர் கீழே போய்ப் பக்கத்து வீட்டு மணிமொழி டீச்சரிடம் எல்லாம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். "எந்த மலை?" என்று அவர்கள் கேட்டார்களாம். "எங்க வீட்டு மாடில" என்றாராம்.

இன்னும் 10.6.

ஜூலை 19, சனி

பழைய பச்சைச் சுடிதார் ஏறுகிறது. தலை சுற்றல் இருந்தால் பழச்சாறு குடிக்கலாம் என்று டாக்டர் சொன்னார். "டயட் ரொம்ப இறுக்குறீங்களோ? நோட்டைக் காட்டுங்க" என்றார். மறந்துவிட்டு வந்துவிட்டேன் என்றேன். பையில்தான் இருந்தது.

ஜூலை 27, ஞாயிறு

நான்கு சுற்றும் முடிந்தது. இருபத்தாறு அணிகளில் காவிரி மூன்றாவது. பெயர்ப்பட்டியலில் எங்கள் பெயரைப் பார்த்துப் பார்த்து ஆசை தீரவில்லை. இறுதிப் போட்டி அடுத்த ஞாயிறு, ஆடிப்பெருக்கு அன்றைக்கு. காவிரிக்காரிகளுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று ரெஜினா கேட்டாள். மரகதம் பனியன் அளவு எல்லாம் வாங்கிக் குறித்துக்கொண்டார். நான் 'மீடியம்' என்றேன்.

ஜூலை 28, திங்கள்

லீக் நடத்துகிறவர்களிடமிருந்து கடிதம். இறுதிப் போட்டியில் ஓட்டுகிற ஒவ்வொருவரும் தன் எடையைக் காட்டும் வீடியோ அனுப்ப வேண்டும். முதலில் காலி மெஷின், அதில் பூஜ்யம் தெரிய வேண்டும். பிறகு ஆள் ஏற வேண்டும். ஆப்பில் போட்ட எடைக்கும் மெஷினில் வரும் எடைக்கும் ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமைக்குள்.

"நமக்கென்னங்க்கா, அஞ்சு நிமிச வேலை" என்றாள் ஹசீனா.

இன்னும் 9.4.

ஜூலை 30, புதன்

கடைக்கு இரண்டு சிப்பம் அரிசி கொண்டுபோனேன், இருபத்தைந்து கிலோ வீதம். பிறகு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஏழு, அரை லிட்டர் ஒன்று. ஆட்டோக்காரர் "கடைல விருந்தாம்மா?" என்று கேட்டார்.

எடை மெஷின் சரியாக வேலை செய்கிறது.

இரவு: ஒன்றும் இல்லை.

ஜூலை 31, வியாழன்

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

எங்கள் எடை மெஷினின் அடியில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை மெக்கானிக் வந்து அதை அமுக்கி, ஐம்பது கிலோ எடைக்கற்களை வைப்பார். இதுதான் ஐம்பது என்று மெஷின் கற்றுக்கொள்ளும். நேற்று நான் அந்தப் பொத்தானை அமுக்கி, அரிசியும் தண்ணீருமாக ஐம்பத்தேழரைக்குக் கொஞ்சம் மேலே வைத்து, இதுதான் ஐம்பது என்று சொல்லிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு நான் ஏறினால் 62 காட்டுகிறது. காலியாக இருக்கும்போது பூஜ்யமும் காட்டுகிறது. கணக்கெல்லாம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டேன். இன்று மத்தியானம் வீடியோ எடுத்துவிட்டு உடனே பழையபடி மாற்றிவிடுவது என்று இருந்தேன்.

பதினோரு மணிக்குத் துரைக்கண்ணு வந்தார். கடைக்கு எதிரில் டிபன் தள்ளுவண்டி வைத்திருக்கிறவர். கூட அவருடைய மகள் இலக்கியா, வயது எட்டு. டெங்கு வந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்த குழந்தை. வாரா வாரம் எடை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். நான் உள்ளே ஒருவருக்கு இன்சுலின் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். குழந்தை தானாகவே மெஷினில் ஏறி நின்றுவிட்டாள்.

பத்தொன்பது புள்ளி மூன்று.

துரைக்கண்ணு குனிந்து பார்த்தார். குழந்தையை இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினார். அதே எண். "போன வாரம் இதே மெஷின்ல இருபத்திரண்டு இருந்துச்சேம்மா" என்றார்.

"நான் நல்லாத்தான் சாப்பிடறேன்ப்பா" என்றாள் குழந்தை. ஏதோ தப்பு செய்துவிட்டது போல.

அவர் படியில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரி எண்ணைத் தேட ஆரம்பித்தார். நான் வெளியே வந்து, "மெஷின்ல கோளாறு, பாப்பா நல்லாத்தான் இருக்கா" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "சமாதானத்துக்குச் சொல்லாதீங்கம்மா. மூணு கிலோம்மா" என்றார்.

அந்த நிமிடம் எனக்கு என்மீது வந்த வெறுப்பை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அரிசிச் சிப்பம் இரண்டையும் இழுத்துவந்து மெஷினில் ஏற்றினேன். பிரிக்காத சிப்பம், மேலே இருபத்தைந்து இருபத்தைந்து என்று அச்சடித்திருக்கிறது. மெஷின் 43.4 காட்டியது. "பாருங்க. அம்பது கிலோவை இது நாப்பத்து மூணுன்னு சொல்லுது." பொத்தானை அமுக்கி, அந்த ஐம்பதையே ஐம்பது என்று மறுபடி சொல்லிக் கொடுத்தேன். குழந்தையை ஏற்றினேன். 22.2.

துரைக்கண்ணு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "யாரும்மா இதை இப்படி மாத்தி வெச்சது?" என்று கேட்டார்.

"நான்தான்."

"எதுக்கும்மா?"

"என் எடையைக் குறைச்சுக் காட்டறதுக்கு."

அவருக்குப் புரியவில்லை. கோபம் வரும் என்று நின்றேன். வந்தது. "பொம்பளப் புள்ள வெச்சிருக்கற மனுசன் உசுரு போயி வந்துச்சும்மா" என்றார். சொல்லிவிட்டு என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்கு என்ன கொறச்சல், நல்லாத்தானே இருக்கீங்க?" என்றார், அதே கோபத்தோடு.

என் போனை அவரிடம் கொடுத்து வீடியோ எடுக்கச் சொன்னேன். காலி மெஷின். பூஜ்யம். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். 71.4. இலக்கியா அதைச் சத்தமாகப் படித்தாள், அதுவும் வீடியோவில் பதிந்திருக்கிறது.

லீக்குக்கு உள்ளதை எழுதி, அவர்களுக்கும் ரெஜினாவுக்கும் அதை அனுப்பிவிட்டு, அணி முழுவதையும் வீடியோ அழைப்பில் கூப்பிட்டேன். ஜூன் நான்காம் தேதியிலிருந்து சொன்னேன். முடித்ததும் ஹசீனாவின் கட்டம் மட்டும் திரையிலிருந்து மறைந்தது.

"கோவமாத்தான் இருக்கேன்க்கா" என்றாள் ரெஜினா. "டியூட்டி முடிச்சுட்டுப் பேசறேன்."

மரகதம் மட்டும் கொஞ்ச நேரம் இருந்தார். "நான் பனியனுக்கு 'லார்ஜ்'னு மாத்தி எழுதிக்கட்டுமா?" என்றார். அது கேலியா கனிவா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இவரிடமும் சொன்னேன். "அறுபத்திரண்டுன்னு போட்டப்பவே பார்த்தேன்" என்றார்.

"ஏன் அப்பவே சொல்லல?"

"நான் எம்பத்தெட்டுக்கு எழுபது போட்டிருந்தேன். எந்த வாயால சொல்றது?"

இரவு: தோசை 4. ஜூன் மூன்றாம் தேதியிலிருந்து '2' என்று எழுதியதெல்லாம் நான்குதான்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

லீக்கிலிருந்து முடிவு வந்துவிட்டது. நான் எடுத்த புள்ளிகள் எல்லாம் ரத்து. காவிரி மூன்றாவதிலிருந்து எட்டாவது. ஒன்பதாவது அணிக்கும் எங்களுக்கும் இரண்டே புள்ளி வித்தியாசம். இறுதிப் போட்டியின் வாசற்படியில் நுனிக்காலில் நிற்கிறோம். வீடியோ சோதனைக்கு முன்பே நானாகச் சொன்னதால், சரியான எடையோடு ஓட்டத் தடையில்லையாம்.

ரெஜினா கூப்பிட்டாள். நான் விலகிக்கொள்கிறேன் என்றேன்.

"விலகுனா மூணு பேர்தான். நாலு பேர் இல்லாட்டி டீமையே சேர்க்கமாட்டாங்க. உங்களால எட்டாவதா போனோம், உங்களாலயே ஓட்டாமயும் போகணுமா?" என்றாள். பிறகு நர்ஸ் குரலுக்கு மாறிவிட்டாள். "கேளுங்க. ஞாயித்துக்கிழமை நாலு பேரும் ஒண்ணா ஓட்டணும், மூணாவதா வர்றவ நேரம்தான் டீம் நேரம். அப்ப ஒருத்தி உதிரலாம். முதல்ல முப்பது கிலோமீட்டர் சமதரை, கடைசில ஆறு கிலோமீட்டர் மலை. சமதரையில எடை பெருசா ஒண்ணும் பண்ணாது, வாட்ஸ்தான். நம்ம நாலு பேர்ல அதிக வாட்ஸ் மிதிக்கிறது யாரு?"

நான் போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"எடைதான் பொய். கால் பொய்யில்லக்கா. முப்பது கிலோமீட்டரும் நீங்க முன்னாடி நின்னு காத்து வாங்குங்க. மலை அடிவாரத்துல எங்களை இறக்கி விட்டுட்டு உதிர்ந்துடுங்க. சரியா?"

"ஹசீனா?"

"ஓட்டுவா. உங்ககூடப் பேசமாட்டா."

ஆகஸ்ட் 2, சனி

ஆப்பில் எடையை மாற்றினேன். 71.4 என்று போட்டு அமுக்கியதும் திரையில் இருந்தவள் ஒரு நொடி மறைந்து மறுபடி வந்தாள். தோள் அகலமாகி, இடுப்பு பெருத்து, கை பருமனாகி. பனியன் அதே ஊதாதான். என்னைப் போலவே இருந்தாள். நினைத்த அளவுக்கு மோசமில்லை. பார்க்கப் பலசாலியாகத் தெரிந்தாள்.

காலை: இட்லி 4, சாம்பார். நாளைக்குக் கால் வேண்டும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப்பெருக்கு

எழுத உட்கார்ந்தால் இன்னும் விரல் துள்ளுகிறது.

காலை ஆறரை. கடைசி இடத்து அணி முதலில் கிளம்ப வேண்டும், அதனால் நாங்கள்தான் முதலில். இவர் இரண்டு மின்விசிறியைத் திருப்பி வைத்து, ஈரத்துண்டோடு பக்கத்தில் நின்றார். துண்டு ஒருவழியாக உருப்படியான வேலைக்கு வந்தது. காதில் ரெஜினா எண்ணினாள். மூன்று, இரண்டு, ஒன்று.

முன்னால் போய் நின்றேன். சமதரையில் இதுவரை நான் முன்னால் நின்றதே இல்லை, எப்போதும் யாராவது ஒருவரின் முதுகுக்குப் பின்னால்தான். எதிரே வெறும் சாலை. பின்னால் மூன்று பேர். அவர்களுக்கு வர வேண்டிய காற்றை எல்லாம் நான் வாங்கினேன். நூற்று எண்பது வாட்ஸ், நூற்று எண்பத்தைந்து. "அப்படியே வைங்க" என்றாள் ரெஜினா. பத்து கிலோமீட்டர். பதினைந்து. மரகதம் நடுவில் ஒருமுறை முன்னால் வந்து எனக்கு இரண்டு நிமிடம் மூச்சு கொடுத்தார். இருபதாவது கிலோமீட்டரில் வந்த நேரத்தைப் பார்த்து ரெஜினா ஏதோ கெட்ட வார்த்தை சொன்னாள், சந்தோஷத்தில். ஹசீனா மட்டும் பேசவில்லை. அவள் மூச்சு மட்டும் காதில் கேட்டது.

இருபத்தைந்தில் தொடை இரண்டும் எரிந்தன. இவர் துண்டைக் கழுத்தில் போட்டு, "இன்னும் அஞ்சுதான் கோதை" என்றார். கண்ணில் வியர்வை இறங்கித் திரை மங்கியது. நூற்றுத் தொண்ணூறு. கடைசி ஒரு கிலோமீட்டர் இருநூற்றுப் பத்து. மலை எதிரே எழுந்து நின்றது.

"போங்க" என்றேன். வேறு வார்த்தை வரவில்லை.

மூன்று பேரும் என்னைத் தாண்டிப் போனார்கள். ஹசீனா கடைசியாகத் தாண்டினாள். வளைவில் அவளுடைய மஞ்சள் பனியன் மறைந்தது. என் வேலை முடிந்துவிட்டது. நான் முடிக்க வேண்டும் என்றுகூட அவசியமில்லை. போன மாதம் இதைப் போன்ற மலையில்தான் முதலாவதாக வந்தேன். இன்று மணிக்கு ஏழு கிலோமீட்டர். பின்னால் கிளம்பிய அணிகள் ஒவ்வொன்றாக என்னைத் தாண்டிப் போயின. இந்த வேகம்தான் என்னுடையது என்று பார்த்துக்கொண்டே மிதித்தேன்.

காதில் அவர்கள் முடித்தார்கள். கத்தல், இருமல், மரகதத்தின் சிரிப்பு. பிறகு காத்திருப்பு. மற்ற அணிகளின் நேரம் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் ரெஜினா மெதுவாகச் சொன்னாள்.

"நாலாவது. ஆறு செகண்ட்ல மூணாவது போச்சு."

எட்டிலிருந்து நான்கு. ஆனால் பனியன் இல்லை. அந்த ஆறு செகண்டுக்கு நான் என்ன சொல்ல முடியும்? எனக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர் மலை பாக்கி. அவர்கள் போனை வைத்துவிடுவார்கள், இறங்கிவிடலாம் என்று நினைத்தேன். மரகதத்துக்கு அங்கே பகல் வேலை இருக்கிறது. ரெஜினாவுக்கு டியூட்டி. ஒருவரும் வைக்கவில்லை.

"உங்களுக்கு முன்னாடி ஒரு பாறை வருதுங்க்கா. அதைத் தாண்டுனா சரிவு கொஞ்சம் கம்மி."

ஹசீனா. மூன்று நாளைக்குப் பிறகு அவள் குரல். அவள் முடித்துவிட்டு என் பொம்மையைத் தன் திரையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இப்ப உக்காந்தே மிதிங்க. எந்திரிக்காதீங்க. தொள்ளாயிரம் மீட்டர்." கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு இன்னும் கோவம் போகலைங்க்கா" என்றாள். "எழுநூறு."

"தெரியும்" என்றேன். அழுகையும் மூச்சும் ஒன்றாக வந்தன.

"அழுதா வாட்ஸ் இறங்குது, பாருங்க. நூத்து அறுபதாயிருச்சு. ஏத்துங்க. ஐநூறு."

ஏற்றினேன். கடைசி இருநூறு மீட்டரை அவள் பத்துப் பத்தாக எண்ணினாள். மற்ற இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். உச்சியைத் தொட்டபோது அந்தப் பந்தயத்திலேயே கடைசி ஆள் நான். எல்லோரும் முடித்துப் போயாகிவிட்டது. என் அணி மட்டும் இருந்தது.

"அடுத்த லீக் அக்டோபர்லங்க்கா" என்றாள் ஹசீனா. "முப்பது கிலோமீட்டர் உங்க முதுகுக்குப் பின்னாடி வந்தேன். ஒரு தூசி காத்து படலை. அதைச் சொல்லோணும்னு இருந்தேன்." வைத்துவிட்டாள்.

மத்தியானம் எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், புளியோதரை, தயிர் சாதம் செய்தேன். துரைக்கண்ணு வீட்டுக்கு ஒரு தூக்கு கொடுத்தனுப்பினேன். எத்தனை கரண்டி சாப்பிட்டேன் என்று எண்ணவில்லை. நிறைய. அம்மா மண்டபம் படித்துறைக்குப் போய் இவரும் நானும் ஆற்றில் கால் நனைத்தோம். தொடை இரண்டும் படி இறங்க மறுத்தன. இவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

கடையைத் திறந்து எடை மெஷினைத் துடைத்தேன். ஷட்டரை முழுசாக ஏற்றிவிட்டு, தெருவைப் பார்த்து நின்றபடியே ஏறினேன். 72.1. எதிர் வண்டியிலிருந்து துரைக்கண்ணு "எவ்வளவும்மா?" என்று கேட்டார். சத்தமாகச் சொன்னேன்.